எயார் ரைபிள் பழகப் போகிறவர்களுக்கு: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை, பதுளை என்று எந்தப் பக்கத்தில் இருந்தாலும் புதிதாகப் பழக வருகிறவர்கள் கேட்பது ஏறக்குறைய இவைதான். குறி பார்ப்பது பற்றிய பதிலுக்கு நேரே ஓடாமல், பாதுகாப்பைப் பற்றிய பதில்களை முதலில் வாசியுங்கள்.

ரைபிள் பழக ஆசை. எதிலிருந்து தொடங்குவது?

10 மீட்டர் எயார் ரைபிளிலிருந்து. மலையகத்தில் சாதாரண ஆட்களிடம் அனுமதியோடு இருக்கும் துவக்கு பெரும்பாலும் பயிர்க் காவலுக்கான 12 போர். அது சன்னங்களைப் பரப்பிச் சுடுவது. ஒற்றைப் புள்ளியைக் குறி பார்க்கும் பழக்கத்தை அது தராது. சத்தமும் உதையும் அதிகம் என்பதால் புதியவர் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கப் பழகிவிடுவார். அந்தப் பழக்கத்தைப் பிறகு கழற்றுவது பெரும்பாடு.

எயார் ரைபிளில் 4.5 மி.மீ. ஈயக் குண்டு, வெடிமருந்து இல்லை. கை நடுங்கியதா, விசையைப் பிடுங்கினீர்களா என்பதைக் குறியாக மாட்டிய தாள் உடனே காட்டிவிடும். இது 1984 முதல் ஒலிம்பிக் போட்டியாகவும் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 10 மீட்டர் எயார் ரைபிளில் இலங்கைக்காகச் சுட்டவர் தெஹானி எகொடவெல.

அனுமதிப் பத்திரம் வேண்டுமா?

நாட்டில் துவக்குகளை ஆளும் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். அதன் கீழ் வரும் விதிகளும் சுற்றறிக்கைகளும் காலத்துக்குக் காலம் மாறுகின்றன. ஆகவே கடைக்காரர் சொன்னதையோ நண்பர் சொன்னதையோ நம்பி எயார் ரைபிள் வாங்காதீர்கள். பிரதேச செயலகத்திலும் உங்கள் பொலிஸ் நிலையத்திலும் நேரில் போய்க் கேளுங்கள். எந்த மாதிரி, எந்தக் குழல் அளவு, யாரின் அனுமதி என்பதை எழுத்தில் பெறுங்கள். கடிதம் கைக்கு வந்த பிறகுதான் காசு கொடுக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து பார்சலில் வரவழைக்கும் யோசனையே வேண்டாம்.

அனுமதி தேவைப்படும் துவக்குகளுக்கு உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். டிசம்பர் 31க்கு முன் முடிக்கும் வேலை அது. தோட்டத்திலிருந்து நகரத்துக்கு இறங்கி வர ஒரு நாள் சம்பளம் போகும் என்பதால் பலர் கடைசிக் கிழமை வரை தள்ளிப்போடுகிறார்கள். ஒக்டோபரிலேயே போய்விடுங்கள்.

அப்பாவின் பெயரில் 12 போர் இருக்கிறது. அதில் நான் பழகலாமா?

இல்லை. உரிமம் பெயருக்கு உரியவருக்குத்தான், வீட்டுக்கு அல்ல. எடுத்துத் துடைத்துப் பார்க்கக்கூட அவர் இல்லாத நேரத்தில் தொடாதீர்கள்.

எந்த வகை வாங்குவது?

இரண்டு வகை உண்டு. ஒன்று குழலை மடித்து ஸ்பிரிங்கை ஏற்றுவது. மற்றது 200 பார் அழுத்தம் வரை காற்று நிரப்பிய சிலிண்டர் உள்ளது. ஸ்பிரிங் ரைபிள் விலை குறைவு, பம்பு வேண்டாம், எங்கும் தூக்கிப் போகலாம். ஆனால் விசையை இழுத்ததும் உள்ளே பிஸ்டன் முன்னால் பாய்வதால் ரைபிள் முதலில் பின்னுக்கும் அடுத்த கணம் முன்னுக்கும் குலுங்கும். அதனால் நன்றாகச் சுடுவது கடினம். சிலிண்டர் ரைபிள் குலுங்காது, போட்டிக்கு அதுதான். விலையும் பராமரிப்பும் அதற்கேற்ப அதிகம்.

நமது ஆலோசனை இது: கழகமோ பாடசாலை அணியோ பக்கத்தில் இருந்தால் முதல் ஆறு மாதம் அவர்களுடைய சிலிண்டர் ரைபிளில் பழகுங்கள், சொந்தமாக வாங்கவே வேண்டாம். போட்டி விதிப்படி ரைபிள் 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. ஆனால் 14 வயதுப் பிள்ளைக்கு அந்த எடை கூடுதல். 3 முதல் 4 கிலோ போதும். கட்டையின், அதாவது தோளில் அணைக்கும் பகுதியின், நீளமும் முக்கியம். அடிக்கட்டையை முழங்கையின் உள்மடிப்பில் வைத்தால் சுட்டுவிரலின் முதல் மூட்டு விசையைத் தொட வேண்டும். எட்டாவிட்டால் கட்டை நீளம். பிள்ளை முதுகை வளைத்து ஈடு கட்டும், இடுப்பு வலிக்கும்.

பாவித்தது வாங்குவதானால் மூன்றைப் பாருங்கள். மடிப்புக் குழலைப் பூட்டிய பிறகு பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. குழல் வாயின் விளிம்பில் கீறலோ பள்ளமோ இருந்தால் விட்டுவிடுங்கள். குண்டு கடைசியாகத் தொட்டு வெளியேறும் இடம் அது. சிலிண்டர் ரைபிள் என்றால் சிலிண்டரில் பொறித்த தயாரிப்புத் திகதியைப் பாருங்கள். பல போட்டி ரைபிள்களின் சிலிண்டருக்கு உற்பத்தியாளர் தரும் ஆயுள் 10 ஆண்டு, சிலவற்றுக்கு 20. கெடு தாண்டிய சிலிண்டரில் 200 பார் காற்றை அடைப்பது ஆபத்து.

லயத்து வீட்டில் வைத்திருக்கலாமா?

இடம் குறைவு, ஆள் அதிகம், சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். எனவே கட்டுப்பாடு இரட்டிப்பாக வேண்டும். சுவரில் ஆணியடித்த பூட்டுள்ள இரும்புப் பெட்டி ஒன்று. குண்டு டப்பா வேறொரு பூட்டில். சாவி உங்கள் கழுத்திலோ இடுப்பிலோ இருக்கட்டும். இஸ்தோப்பில் சாய்த்து வைப்பது, கட்டிலுக்கு அடியில் தள்ளுவது, அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுவது எல்லாம் விபத்துக்கு வழி. இப்படி ஒரு பெட்டி வைக்க இடமே இல்லையென்றால் ரைபிளைக் கழகத்தில் விடுங்கள். அதில் வெட்கம் எதுவுமில்லை.

முதல் நாளே மனப்பாடமாக வேண்டிய பாதுகாப்பு விதிகள் எவை?

குண்டு இல்லை என்று தெரிந்தாலும் இருக்கிறது என்றே நடத்துங்கள். குழல் வாய் ஆள் பக்கம் திரும்பவே கூடாது, திரும்பும்போதும் உட்காரும்போதும் கூட. குறி பார்த்து முடிவெடுக்கும்வரை விரல் விசைக் காப்பு வளையத்துக்கு வெளியே நீட்டி இருக்கட்டும். குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடாதீர்கள்.

இவற்றோடு ஒரு சின்னப் பொருள்: புல்வெட்டும் மெஷினுக்குப் போடும் 2.4 மி.மீ. நைலோன் நூல், செம்மஞ்சள் நிறம். அதைக் குழலின் பின்வாயிலிருந்து முன்வாய் வரை விட்டு இரு பக்கமும் வெளியே தெரிய வையுங்கள். நூல் இருந்தால் குழலில் குண்டு இல்லை என்பது பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும். போட்டி மைதானங்களில் இப்படியொரு நூல் கட்டாயம். சுடாத நேரமெல்லாம் நூல் உள்ளே இருக்கட்டும்.

ஸ்பிரிங் ரைபிளுக்கு இன்னும் ஒன்று. குழல் மடிந்திருக்கும்போது விசையைத் தொட்டால் குழல் கத்தி போல் மேலே அடிக்கும். விரல் நசுங்கும், குழலும் வளையும். குண்டு வைக்கும்போது மற்றக் கையால் குழலை விடாமல் பிடித்திருங்கள்.

வீட்டுக்குப் பின்னால், தேயிலை மலையைப் பார்த்துச் சுடலாமா?

கூடாது. தேயிலைச் செடி இடுப்பளவு. குனிந்து கொழுந்து எடுக்கிறவரும், கான் வெட்டுகிறவரும், விறகு பொறுக்கப் போன பிள்ளையும் கீழே நிற்கும் உங்கள் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். மூடுபனி இறங்கினால் இருபதடிக்கு அப்பால் எதுவுமே தெரியாது. சின்ன ஈயக் குண்டுதானே என்று நினைக்காதீர்கள். அது சில நூறு மீட்டர் போகும், கண்ணில் பட்டால் கண் போய்விடும்.

மூடிய மண்டபம் வேண்டும்: பாடசாலை மண்டபம், வாசகசாலை, பாவனையில் இல்லாத களஞ்சியம், எதுவானாலும் சொந்தக்காரரின் அனுமதியோடு. சுடும் கோட்டிலிருந்து தாள் வரை 10 மீட்டர், தாளின் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரம். சுடுபவருக்கும் தாளுக்கும் இடையில் கதவோ ஜன்னலோ திறக்கக் கூடாது. தாளுக்குப் பின்னால் ஒரு மரப் பெட்டி. அதற்குள் 3 மி.மீ. இரும்புத் தகட்டைக் குண்டு கீழ்நோக்கித் தெறிக்கும்படி மேற்பக்கம் உங்கள் பக்கமாகச் சாய்த்துப் பொருத்துங்கள். அடியில் இரண்டு அங்குலம் மணல். நேராக நிறுத்திய தகடும் காய்ந்த பலகையும் குண்டைத் திருப்பி அனுப்பும். உருண்டையான இரும்புக் குண்டுகளை இந்த மண்டபத்துக்குள் கொண்டுவரவே வேண்டாம். பக்கத்தில் நிற்கும் எல்லோருக்கும் கண்ணாடி கட்டாயம்.

எந்தக் குண்டு?

தாளுக்குச் சுட 4.5 மி.மீ. தட்டைத் தலைக் குண்டு, எடை ஏறத்தாழ 0.53 கிராம். தட்டைத் தலை தாளில் வட்டமாகச் சுத்தமான ஓட்டை போடும், புள்ளி எண்ண இலகு. ஒரே ரைபிளுக்கு எல்லாக் குண்டும் ஒத்துவராது. இரண்டு மூன்று வகையில் பத்துப் பத்தாகச் சுட்டு, நெருக்கமாக விழும் வகையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்து நசுங்கியதைத் திரும்பப் போடாதீர்கள்.

நின்று சுடும்போது ரைபிள் ஆடிக்கொண்டே இருக்கிறது. எப்படி நிறுத்துவது?

முழுதாக நிறுத்த முடியாது. உலகச் சம்பியனுக்கும் ஆடும். அவருக்கு ஆட்டம் சிறியது, அவ்வளவுதான். கையின் பலத்தால் தூக்கிப் பிடிப்பதை விட்டு எலும்பின் மேல் எலும்பை அடுக்குவதுதான் வழி.

வலக்கைக்காரர் என்றால் இடப்பக்கம் தாளை நோக்கி இருக்க, பாதங்களைத் தோளகலத்துக்கு வைத்து நில்லுங்கள். இடுப்பைத் தாள் பக்கமாகச் சற்றுத் தள்ளுங்கள். இடது முழங்கை இடுப்பு எலும்பின் மேல், அல்லது விலாவோடு ஒட்டி உட்கார வேண்டும். இடக்கையை முட்டியாக மடித்து அதன் மேல் ரைபிளை வையுங்கள். இறுக்கிப் பிடிக்க வேண்டாம். ரைபிளின் பாரம் முட்டி, முழங்கை, இடுப்பு, பாதம் என்று நேராகத் தரைக்கு இறங்க வேண்டும். மேலுடம்பு சற்றுப் பின்னால் சாயும்; கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியவர் பாரத்துக்கு ஈடாக முன்னே சாய்வதற்கு இது நேர் எதிர், ஆனால் கணக்கு ஒன்றுதான். தலையைக் கட்டையை நோக்கி இறக்காதீர்கள், கட்டையைக் கன்னத்துக்குக் கொண்டுவாருங்கள்.

பிறகு ஒரு சோதனை. குறி பார்த்துவிட்டுக் கண்ணை மூடுங்கள். இரண்டு மூச்சு விட்டுத் திறங்கள். ரைபிள் தாளுக்கு வலப்பக்கம் போயிருந்தால் கையால் இழுத்துத் திருத்தாதீர்கள். பின்பாதத்தை ஓரிரு சென்ரிமீட்டர் நகர்த்துங்கள். உடம்பு தானாகத் தாளை நோக்கும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். பெரும்பாலானோர் அவசரத்தில் விட்டுவிடும் வேலை இதுதான். தாளில் இடம் வலமாகச் சிதறுவதற்கு முதல் காரணமும் இதுவே.

எந்தக் கண்ணால் பார்ப்பது?

இரு கைகளையும் நீட்டி, பெருவிரல்களுக்கு இடையில் சின்ன முக்கோணம் விட்டு, தூரத்து விளக்கு ஒன்றை இரு கண்ணாலும் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடும்போது எந்தக் கண்ணுக்கு விளக்கு மறையாமல் நிற்கிறதோ அதுவே முதன்மைக் கண். மற்றக் கண்ணை மூடினால் முகத் தசை இறுகும்; மூடாமல் அந்தக் கண்ணுக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாள் துண்டை மறைப்பாக மாட்டினால் போதும்.

குறியையும் விசையையும் மூச்சையும் எப்படிச் சேர்ப்பது?

வளைய சைட் (வளையம் வழியே குறி பார்க்கும் கருவி) என்றால் முன் வளையத்துக்குள் கறுப்பு வட்டம் இருக்க, சுற்றி வெள்ளை ஒரே அகலமாகத் தெரிய வேண்டும். கண்ணின் கூர்மை முன் வளையத்தில் இருக்கட்டும். கறுப்பு சற்று மங்கினால் பரவாயில்லை. போட்டித் தாளில் கறுப்பு 30.5 மி.மீ., பத்துப் புள்ளி வெறும் அரை மி.மீ. வெள்ளைப் பொட்டு. அந்தப் பொட்டைத் தேடாதீர்கள், கண்ணுக்குத் தெரியாது.

மூச்சை வழக்கமாக விட்டு, அது தானாக நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். விசையை விரலின் முதற்பகுதியின் சதையால் நேராகப் பின்னோக்கி, எண்ணெய் ஊற்றுவது போல மெதுவாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். வெடிக்கும் கணத்தை நீங்கள் தீர்மானிக்கக் கூடாது. ஆறு முதல் எட்டு விநாடிக்குள் போகவில்லையா? ரைபிளை இறக்கி, மூச்சு வாங்கி மறுபடி தொடங்குங்கள். இறக்கிவைக்கும் துணிவு இல்லாதவர்கள் எட்டாவது விநாடியில் பிடுங்குகிறார்கள்.

சுட்டபின் இரண்டு விநாடி அப்படியே நில்லுங்கள். குண்டு விநாடிக்கு 175 மீட்டர் வேகத்தில் போனால் 10 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.06 விநாடி எடுக்கும். அதற்கு முன் குழலுக்குள்ளேயே சில மில்லி விநாடி இருக்கும். தலையைத் தூக்கிப் பார்க்க அவசரப்பட்டால் குண்டு வெளியேறும் முன்பே குழல் நகர்ந்துவிடும்.

ஸ்பிரிங் ரைபிளைப் போட்டி ரைபிள் போல இறுக்கமாகத் தோளில் அழுத்தாதீர்கள், மேசை விளிம்பிலும் வைக்காதீர்கள். திறந்த உள்ளங்கையில் தளர்வாக, ஒவ்வொரு முறையும் கட்டையின் அதே இடத்தில் தாங்குங்கள். அதன் குலுக்கம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால்தான் குண்டும் ஒரே இடத்தில் விழும்.

சைட்டைச் சரிசெய்வது எப்படி?

ஐந்து குண்டு சுடுங்கள். ஒரு குண்டை வைத்துத் திருத்தாதீர்கள். ஐந்தின் நடுவைப் பாருங்கள். பின் சைட்டை, குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் நகர்த்துங்கள். வலப்பக்கம் போக வேண்டுமென்றால் பின் சைட் வலம். மேலே என்றால் மேலே. முன் சைட்டை நகர்த்தினால் எல்லாம் தலைகீழ்.

ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) போட்டிருந்தால், நூறு யாரில் கால் அங்குலம் என்று எழுதிய அதன் திருகின் ஒரு கிளிக் 10 மீட்டரில் ஏறத்தாழ 0.7 மி.மீ. தான் நகர்த்தும். ஒரு சென்ரிமீட்டருக்கு 14 கிளிக் திருக வேண்டும். தெரியாதவர்கள் இரண்டு கிளிக் திருகி, ஸ்கோப் பழுது என்கிறார்கள். 10 மீட்டருக்குக் குவியம் மாற்ற முடியாத ஸ்கோப்பில் படம் மங்கும். ஸ்பிரிங் ரைபிளுக்கென்று செய்யப்படாத ஸ்கோப், முன்பக்கக் குலுக்கலில் உள்ளே உடையும்.

கொழும்பில் சரிசெய்த ரைபிள் நுவரெலியாவின் 1868 மீட்டர் உயரத்தில் மாறுமா என்றும் கேட்கிறார்கள். காற்று மெலிதுதான், ஆனால் 10 மீட்டரில் கவலைப்படும் அளவுக்கு மாற்றம் வராது. மாறினால் திருகாணி தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நேற்று நன்றாக விழுந்தது, இன்று சிதறுகிறது. ஏன்?

மேலும் கீழுமாக நீண்டு விழுந்தால் மூச்சு ஒரே இடத்தில் நிற்கவில்லை, அல்லது கன்னம் வேறு வேறு உயரத்தில் ஒட்டுகிறது. மடிப்புக் குழலில் கீல் தளர்ந்தாலும் இதேதான். பக்கவாட்டில் நீண்டால் நிற்கும் கோணம் அல்லது விசை. ஒன்று மட்டும் தூரப் போனால் பெரும்பாலும் அது பிடுங்கியது, நீங்களே உணர்ந்திருப்பீர்கள். எல்லாத் திசையிலும் சிதறினால் முதலில் கட்டையின் திருகாணிகள், பிறகு சைட்டின் திருகாணிகள், பிறகு குண்டு, கடைசியாகக் குழல் அழுக்கு. மரக்கட்டை அடைமழைக் காலத்தில் ஊறிப் பெருக்கும், மார்ச் வெயிலில் சுருங்கும். திருகாணி தளர அதுவே காரணம். மாதத்துக்கு ஒருமுறை அலன் கீயால் தொட்டுப் பாருங்கள், முறுக்கி உடைக்க வேண்டாம்.

எவ்வளவு துடைத்தாலும் துரு பிடிக்கிறது. என்ன செய்வது?

மலையகத்தில் ரைபிளை அதிகம் கெடுப்பது ஈரம்தான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, பிறகு பதுளைப் பக்கம் வடகீழ் மழை. துணியே காயாத வீட்டில் இரும்பு எப்படிக் காயும்?

தொட்ட ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும். விரல் வியர்வையின் உப்பு பட்ட இடத்தில், ஈரமான கிழமை என்றால் இரண்டே நாளில் விரல் ரேகை வடிவிலேயே துரு எழும்பும். உலர்ந்த பருத்தித் துணி, பிறகு தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்ட துணி. பளபளப்பு மெல்லிதாகத் தெரிந்தால் போதும், வழியக் கூடாது.

தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள். 24 பாகைக்குக் கீழே அது உறையும். நுவரெலியாவில் காலையில் போத்தலிலேயே கட்டியாக இருப்பதைப் பார்க்கிறீர்களே, விசைக்குள்ளும் அப்படித்தான் நிற்கும். பிறகு பிசினாகி அழுக்கைப் பிடிக்கும்.

துணி உறையிலும் பஞ்சு வைத்த பெட்டியிலும் ரைபிளை மாதக்கணக்கில் வைக்காதீர்கள். அவை பயணத்துக்கு, ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்ட வைத்திருக்கும். பூட்டுப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் அரைக் கிலோ வையுங்கள். நிறம் மாறியதும் சட்டியில் இளஞ்சூட்டில், அல்லது 120 பாகை ஒவன் அடுப்பில் இரண்டு மணிநேரம் காயவைத்தால் திரும்பப் பாவிக்கலாம். பெட்டியை அடுப்படிக்குப் பக்கத்தில் வைப்பது நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். விறகடுப்பின் புகையும் சோற்றுப் பானையின் ஆவியும் வெறும் குளிரை விட மோசம்.

குளிரில் வெளியே இருந்த ரைபிளைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் இரும்பில் பனி வியர்க்கும். உடனே பெட்டியில் பூட்டாமல், அரை மணிநேரம் உங்கள் கண்ணெதிரே வைத்து, துடைத்து, பிறகு பூட்டுங்கள்.

குழலை எப்போது சுத்தம் செய்வது?

அடிக்கடி வேண்டாம். 500 முதல் 1000 குண்டுக்கு ஒருமுறை, அல்லது காரணமின்றிச் சிதறும்போது. இரும்புக் கம்பியும் பித்தளைப் பிரஷும் வேண்டாம். நைலோன் நூலில் சிறு துணி கட்டி, பின்வாயிலிருந்து முன்வாய்க்கு ஒரே திசையில் இழுங்கள். துணி சுத்தமாக வரும்வரை ஐந்தாறு முறை. பிறகு முதல் பத்துக் குண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஸ்பிரிங் ரைபிளின் காற்றறைக்குள் சாதாரண எண்ணெய் விடாதீர்கள். அழுத்தத்தில் அது பற்றி வெடிக்கும். சத்தம் கூடும், புகை வரும், பிஸ்டன் சீல் கருகும். குண்டில்லாமல் ஸ்பிரிங் ரைபிளை வெறுமனே சுடுவதும் அதே கேடு: காற்றுத் தலையணை இல்லாமல் பிஸ்டன் முட்டும். ஏற்றிய ஸ்பிரிங்கை நிமிடக்கணக்கில் அப்படியே வைத்திருக்காதீர்கள்.

கைப் பம்பால் சிலிண்டரை நிரப்பலாமா?

முடியும், ஆனால் நமது காற்றில் ஈரம் அதிகம். அதை 200 பாருக்கு அழுத்தும்போது ஈரம் தண்ணீராகிப் பம்புக்கும் சிலிண்டருக்கும் போகும், உள்ளே துருவாகும். ஐம்பது அடிக்கு ஒருமுறை நிறுத்தி, பம்பின் வடிகால் திருகைத் திறந்து ஈரத்தை வெளியேற்றி, ஆற விடுங்கள். மழை நாளில் பம்பு அடிக்காதீர்கள். ஹிக்கடுவ, திருகோணமலை போன்ற கரையோர டைவிங் நிலையங்களில் கிடைப்பது வடிகட்டி உலர்த்திய காற்று. கழகம் ஒரு பெரிய டைவிங் சிலிண்டரைப் பொதுவில் வைத்திருந்தால் மிகவும் நல்லது.

ஒட்சிசன் வாயுவை ஒருபோதும் நிரப்பாதீர்கள், வெல்டிங் கடைக்காரர் தந்தாலும். எண்ணெய்ப் பசையோடு சேர்ந்தால் வெடிக்கும். சீல்களுக்குச் சிலிக்கன் கிரீஸ் மட்டும்.

மரக்கறித் தோட்டத்துக்கு வரும் குரங்கையும் பன்றியையும் இதால் விரட்டலாமா?

இழப்பு எவ்வளவு என்று தெரியும். ஒரு இரவில் உருளைக்கிழங்குப் பாத்தி முழுவதும் போகும். ஆனால் இந்தக் குண்டு பன்றியைக் கொல்லாது, காயப்படுத்தும். காயம்பட்ட பன்றி மறுநாள் கொழுந்து மலையில் யாரையாவது முட்டும். குரங்கு குண்டோடு நாட்கணக்கில் அழுகிச் சாகும். சிறுத்தை, மரை, மலைக்காட்டுக் கருமந்தி ஆகியவை உங்கள் சொந்தக் காணிக்குள் நின்றாலும் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். 1937ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. கட்டுத்துவக்கும் கம்பித் தடமும் சட்டவிரோதம். அவற்றில் கால் இழந்தவர்களும் தேயிலை மலையில் தடத்தில் சிக்கி இறந்த சிறுத்தைகளும் போதும். பயிர்ச் சேதத்துக்கு விவசாயத் திணைக்களத்திடமும் வனசீவராசிகள் திணைக்களத்திடமும் போங்கள்.

கிழமைக்கு எவ்வளவு பயிற்சி?

இரண்டு நாள், நாளுக்கு 40 குண்டு போதும். மற்ற நாட்களில் குண்டில்லாமல் வெள்ளைச் சுவரைப் பார்த்து இருபது முறை ரைபிளைத் தூக்கி இறக்குங்கள். வெற்று விசை இழுக்கும் வசதி உள்ள சிலிண்டர் ரைபிளில் விசையையும் பழகலாம். மூன்று மாதத்தில், தாங்கி வைத்துச் சுடும்போது ஐந்து குண்டும் ஐந்து ரூபாய்க் குற்றி மூடும் அளவுக்குள் விழுந்தால் நல்ல முன்னேற்றம். நின்று சுடுவதற்கு அதைவிட அதிக காலம் பிடிக்கும். ஒரு கொப்பியில் திகதி, குண்டு வகை, சைட் கிளிக், வானிலை எழுதி வையுங்கள்.

சுட்டு முடித்ததும் அப்படியே தேநீர் குடிக்கலாமா?

கையைக் கழுவிவிட்டு. குண்டு ஈயம், விரலில் ஒட்டும், வாய்க்குப் போகும், பிள்ளைகளுக்கு மிகவும் கெடுதி. குளிர்ந்த தண்ணீரும் சவர்க்காரமும், நகத்துக்கடியிலும் தேய்த்து. குண்டைப் பல்லிடுக்கில் பிடிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு, அதை உடனே விடுங்கள். மண்டபத்தை உலர்ந்த தும்புத்தடியால் கூட்டினால் ஈயத்தூசி கிளம்பும். ஈரத்துணியால் துடைத்து, மணலில் சேர்ந்த ஈயத்தைத் தகர டின்னில் மூடி வையுங்கள். பீலித் தண்ணீர் போகும் பக்கம் கொட்ட வேண்டாம்.